ஏற்றம் என்னும் ஒரு சொல்: தேம்ஸ் ஆற்றுக் குதிரைகளும் நம் வாக்கியங்களும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் ஒரு சிற்பம். மொழியியல் பயின்றோர்க்குச் சிற்பத்தோடு என்ன உறவு என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். அதற்கு விடை எளிது. சுற்றுச்சூழல் என்பது நம் வகுப்பறைகளில் மிகுதியாக எழுதப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று. இயற்கை அன்னை, மாசற்ற உலகம், மரம் வளர்ப்போம், எதிர்காலத் தலைமுறை முதலிய தொடர்கள் அக்கட்டுரைகளில் வரிசையாக வந்து நிற்கின்றன. பிழையேதும் இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆயினும், எழுதிய மாணவர் எதையேனும் கண்டாரா, எதையேனும் எண்ணினாரா என்பதை அத்தொடர்களிலிருந்து அறிய இயலவில்லை. சொற்கள் இவ்வாறு தேய்ந்துபோன ஒரு பொருளைச் சொல்லே இல்லாத ஒரு கலை எவ்வாறு சொல்லிற்று என்று பார்ப்பது, மொழி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

ஆற்றில் நின்ற குதிரைகள்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றை முன்னிட்டு ஆண்டுதோறும் நடைபெறும் விழாவின் ஒரு பகுதியாக, வாக்ஸால் பாலத்தின் அருகே ஆற்றுப்படுகையில் நான்கு குதிரைகள் நிறுத்தப்பட்டன. குதிரைகளின் மீது நால்வர் அமர்ந்திருந்தனர். இருவர் கோட்டு அணிந்த ஆடவர். மற்ற இருவர் இளையோர். குதிரைகளின் உடல் குதிரையுடலே. ஆனால் கழுத்துக்கு மேல் குதிரை முகம் இல்லை. எண்ணெய்க் கிணறுகளில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் எக்கிப் பொறியின் தலை அங்கே இருந்தது.

இதனைப் படைத்தவர் ஜேசன் டெகேர்ஸ் டெய்லர். 1974இல் பிறந்த இவருடைய தந்தையார் ஆங்கிலேயர். தாயார் கயானா நாட்டினர். இளமையில் மலேசியாவின் பவளப்பாறைகளிடையே நீந்தி வளர்ந்தவர் என்பது இவ்வட்டாரத்தினராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2006இல் கரீபியன் தீவாகிய கிரெனடாவில் கடலடிச் சிற்பப் பூங்காவை அமைத்தார். பின்னர் மெக்சிகோவின் கன்கூன் கடலடியில் நூற்றுக்கணக்கான மனித உருவங்களை நிறுவினார். பவளமும் பாசியும் பற்றி வளர்வதற்கு ஏற்ற தனிவகைச் சிமிட்டிக் கலவையை அவர் கையாள்வது வழக்கம். அவருடைய சிற்பங்கள் பலவற்றைக் காண நாம் நீருக்குள் இறங்க வேண்டும்.

தேம்ஸ் சிற்பத்தில் அந்த முறை மாறியது. கடலிலிருந்து பல மைல் உள்ளே இருப்பினும், இலண்டன் நகரூடே தேம்ஸ் ஆறு கடலோடு சேர்ந்தே ஏறியிறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் சில நாள்களில் ஏறத்தாழ ஏழு மீட்டரை எட்டும். ஆகவே, நாளில் இருமுறை நீர் வடியும்போது குதிரைகள் தோன்றின. இருமுறை நீர் பெருகும்போது மூழ்கின. பார்ப்பவர் நீருக்குள் செல்லவில்லை. நீரே பார்ப்பவரை நோக்கி ஏறி வந்தது. சிற்பத்தின் பெயர் 'தி ரைசிங் டைட்'. 'ஏறிவரும் ஓதம்' எனத் தமிழில் சொல்லலாம். ஓதம் என்பது கடல்நீர்ப் பெருக்கைக் குறிக்கும் நம் பழஞ்சொல்.

இடத்தேர்வும் கருதத்தக்கது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் அவ்விடத்திற்கு அண்மையில் உள்ளது. 1953ஆம் ஆண்டு வடகடலில் எழுந்த பெருவெள்ளம் இங்கிலாந்தில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. அதன் படிப்பினையாகக் கட்டப்பட்டு 1984இல் முறைப்படி திறக்கப்பெற்ற தேம்ஸ் தடுப்பணையே இன்று அந்நகரைக் காத்துவருகிறது. ஏறிவரும் நீர் என்பது அந்நகரத்தார்க்குக் கற்பனை ஆகாது.

இல்பொருளும் மீயதார்த்தமும்

இத்தகைய கலையைச் சர்ரியலிசம் என்பர். 1924இல் ஆந்திரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையோடு அது ஓர் இயக்கமாக உருப்பெற்றது. தமிழில் மீயதார்த்தம் என்று வழங்குகிறோம். 'மீ' என்பது மேல் எனப் பொருள்படும். நனவில் சேராத இரண்டு பொருள்களைக் கனவு சேர்த்துவைப்பதுபோல் சேர்த்துக் காட்டுவது அதன் முதன்மையான உத்தி.

பெயர் புதிது, உத்தி நமக்குப் புதிதன்று. உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குவதை இல்பொருள் உவமை என்று நம் அணியிலக்கணம் வகுத்துள்ளது. அன்றாட வழக்கிலும், கிடைத்தற்கரிய ஒன்றைக் குதிரைக்கொம்பு என்கிறோம். இல்லாததைச் சொல்வதற்கு நம் மொழி குதிரையின் தலையில் ஒரு கொம்பை வைத்தது. டெய்லர் குதிரையின் தலையையே எடுத்துவிட்டு ஓர் எந்திரத்தை வைத்தார். குதிரைக்கொம்பை அறிந்த மாணவர்க்கு இச்சிற்பத்தின் வாயிலில் நுழைவது கடினமாக இராது.

எனினும் ஒரு வேறுபாட்டை நினைவில் இருத்த வேண்டும். இல்பொருள் உவமை உள்ள ஒன்றைச் சிறப்பிப்பதற்காகவே இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறது. அணியை மட்டும் பெயர் சொல்லிவிட்டு, அது எந்த உள்பொருளைச் சுட்டுகிறது என்று கேளாமல் போவோமானால், பாடம் பாதியில் நின்றுவிடும். இக்குதிரைகள் சுட்டும் உள்பொருள் யாது?

பெயரில் உறங்கிய உருவகம்

எண்ணெய்க் கிணற்றின் எக்கிப் பொறியைப் பார்ப்போம். நடுவே ஒரு தாங்கி. அதன்மேல் சாய்ந்தாடும் நீண்ட உத்தரம். உத்தரத்தின் ஒரு முனையில் வளைந்த முகப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து தொங்கும் கம்பி கிணற்றுக்குள் இறங்கும் தண்டைப் பற்றியுள்ளது. உத்தரம் வட்டப்போக்கில் ஆடினாலும் தண்டு கோணாமல் நேராக மேலேறி இறங்குவதற்கு அந்த வளைவே காரணம். அந்த முகப்பைப் பொறியாளர்கள் 'குதிரைத்தலை' என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்குகின்றனர். முழுப் பொறியையும் பிரித்தானியர் 'தலையாட்டும் கழுதை' என்பர்.

மேசைக்குக் கால் என்கிறோம். ஊசிக்குக் காது என்கிறோம். மலைக்கு அடி என்கிறோம். சொல்லும்போது காலையோ காதையோ யாரும் நினைப்பதில்லை. வழக்கின் மிகுதியால் உருவகம் அச்சொற்களில் உறங்கிவிட்டது. எந்திரத்தின் குதிரைத்தலையும் அவ்வாறு உறங்கிய உருவகமே. சிற்பி அதனை எழுப்பினார். குதிரைத்தலை என்று பெயரிட்டீர்களே, இதோ அதைக் குதிரையின் கழுத்தில் வைக்கிறேன் என்று அவர் சொல்லாமல் சொன்னார். நெடுங்காலம் மனிதனைச் சுமந்தும் அவனுடைய வண்டியை இழுத்தும் உழைத்த விலங்கு அது. அதன் வேலையை எண்ணெய் எடுத்துக்கொண்டது. உழைத்த உடலும் அதன் இடத்தைப் பிடித்த பொறியும் ஒரே உருவில் நிற்கின்றன.

அந்தப் பொறிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? இங்கேதான் நம் மொழி நமக்கு ஓர் எதிர்பாராத செல்வத்தைத் தருகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்குத் தமிழ்நாட்டு உழவர் பயன்படுத்திய கருவியின் பெயர் ஏற்றம். நட்ட மரத்தின்மேல் சாய்ந்தாடும் நீண்ட மரம். அதன் முனையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் சால். மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து அதனைச் சாய்ப்பவர். இறைத்த சாலை எண்ணுவதற்கு ஏற்றப்பாட்டு. அமைப்பில் எண்ணெய் எக்கியும் இதுவும் உறவினர் எனலாம். அதனை எண்ணெய் ஏற்றம் என்றே அழைக்கத் தடையில்லை.

அளவில் மட்டும் இரண்டும் வேறு. ஆள் களைத்தால் நீர் ஏற்றம் நின்றுவிடும். இரவில் அது ஓய்ந்திருக்கையில் கிணறு ஊறும். எண்ணெய் ஏற்றத்திற்குக் களைப்பில்லை. அது எடுப்பது ஓரிரவில் ஊறக்கூடியதும் அன்று; ஊறுவதற்குப் பல கோடி ஆண்டுகள் ஆயின.

அதே ஏற்றம் என்னும் சொல்லுக்கு உயர்தல் என்னும் பொருளும் உண்டு. விலையேற்றம் என்கிறோம், கடலின் ஏற்றம் என்கிறோம். எண்ணெயை மேலே கொண்டுவரும் பொறியும் ஏற்றம். கடல் மேலே வருவதும் ஏற்றம். எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் காற்றில் கரியமில வாயு மிகுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அதன் அளவு, இச்சிற்பம் நிறுவப்பட்ட 2015ஆம் ஆண்டில் உலகச் சராசரியாக 400ஐக் கடந்தது. அதனால் புவி சூடேறுகிறது. சூடேறிய கடல்நீர் விரிகிறது. நிலத்தின்மேல் உறைந்துள்ள பனியும் உருகிக் கடலில் சேர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. முதல் ஏற்றம் காரணம். இரண்டாம் ஏற்றம் விளைவு. சிற்பி நான்கு குதிரைகளையும் ஓர் ஆற்றின் ஓதத்தையும் கொண்டு சொல்லியதைத் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. நாம் அதைத் தேடவில்லை.

மாறியதா, மாற்றப்பட்டதா?

ஆனால் இந்தச் சொற்செல்வத்திலேயே ஒரு மறைப்பும் உண்டு. ஓடு என்பதிலிருந்து ஓட்டம், மாறு என்பதிலிருந்து மாற்றம், ஏறு என்பதிலிருந்து ஏற்றம் எனத் தொழிற்பெயர்கள் பிறக்கின்றன. மாற்று, ஏற்று என்னும் பிறவினைகளின் ஓசையும் அவற்றில் கலந்து ஒலிக்கிறது. ஆதலால் காலநிலை மாற்றம் என்னும்போது, காலநிலை தானே மாறியதா, எவரேனும் மாற்றினரா என்பதைச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. புவி வெப்பமடைதல் என்னும் தொடரோ வெளிப்படையாகவே தன்வினை. புவி தானே வெப்பமடைகிறது போலும்!

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டைத் தொடக்கநிலையிலிருந்தே கற்பிக்கிறோம். உருகு, உருக்கு, திரும்பு, திருப்பு என மனப்பாடம் செய்விக்கிறோம். அது வெறும் தேர்வுக்குரிய செய்தியாக எஞ்சிவிடுகிறது. இப்பொழுது இவ்விரு வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 'பனி உருகுகிறது.' 'பனியை உருக்குகிறோம்.' முதல் வாக்கியம் வானிலை அறிக்கை. இரண்டாவது ஒப்புதல் வாக்குமூலம். ஒரே ஒரு ககர மெய் கூடியதற்கு இவ்வளவு விளைவு. அவ்வாறே காடழிவு வேறு, காடழிப்பு வேறு. முன்னதில் செய்தவர் இல்லை, பின்னதில் உண்டு.

வாக்கியத்தில் செய்தவரை எழுவாய் என்கிறோம். எழுவாய் என்னும் சொல்லுக்குத் தோற்றம், தொடக்கம் என்னும் பொருளும் உண்டு. ஆகவே, ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தேடுவது ஒரு நிகழ்ச்சியின் தொடக்கத்தைத் தேடுவதும் ஆகும். தேம்ஸ் சிற்பத்தின் ஆற்றல் இங்கேதான் உள்ளதென்று நாம் கருதுகிறோம். எந்திரத்தலைக் குதிரைகள் மட்டும் நின்றிருந்தால் அது தன்வினை வாக்கியம். டெய்லர் குதிரைகளின் மீது ஆட்களை ஏற்றினார், எழுவாய் வந்தமர்ந்தது.

நாமா, நாங்களா?

அடுத்த வினா இன்னும் நுட்பமானது. பனியை உருக்குகிறோம் என்று எழுதினோம். 'ஓம்' என்னும் விகுதி யாரைக் குறிக்கிறது?

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழில் இரண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். கேட்பவரை விலக்கிச் சொன்னால் நாங்கள். மலாய் மொழியிலும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாடு உண்டு என்பதை நம் மாணவர்கள் அண்டைவீட்டாரிடமிருந்தே அறிந்திருப்பர். ஆயினும் 'இயற்கையை அழித்துவிட்டோம்' என்று எழுவாயை விட்டுவிட்டு எழுதும்போது, அவ்வேறுபாடு விகுதிக்குள் மறைந்துவிடுகிறது. பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் அவ்வாறு எழுதுகிறார். அவர் எதை அழித்தார்? மூத்தோர் பேச வேண்டிய வாக்கியத்தை அவர் மனப்பாடமாகச் சுமக்கிறார்.

சிற்பத்தின் நான்கு சவாரியாளரையும் இக்கண்ணோடு பாருங்கள். கோட்டு அணிந்த இருவரும் இளையோர் இருவரும் ஒரே வகைக் குதிரைகளின் மீது இருக்கின்றனர். ஒரே ஓதத்தில் மூழ்குகின்றனர். மூழ்குவதில் அவர்கள் நாம். குதிரையை அவ்வாறு ஆக்கியதிலோ இளையோர்க்குப் பங்கில்லை. அங்கே அவர்கள் மற்ற இருவரை நோக்கி நாங்கள் என்று சொல்லலாம். 'நாங்கள் ஏறும்போதே இக்குதிரைக்கு இத்தலைதான் இருந்தது' என்று அவ்விளையோர் சொல்வதாக ஒரு மாணவர் எழுதினால், அவர் சிற்பத்தையும் கண்டார், தம் மொழியையும் கண்டார் என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு மறுப்பையும் கருத வேண்டும். கோட்டு அணிந்தவரைக் கைகாட்டுவது எளிது. பாலத்தின்மேல் வண்டியில் சென்றபடி பார்த்தவர் எரித்ததும் எண்ணெய்தானே என்று கேட்கலாம். நேரிய கேள்வி. சிமிட்டி உற்பத்தியும் கரியமில வாயுவை வெளியிடும் தொழிலே. எனவே சிற்பியும் விலக்கானவர் அல்லர். நம் பகுதிக்கும் இதில் இடமுண்டு. சரவாக்கின் மிரி நகரில் 1910இல் தோண்டப்பட்ட கிணறே இன்றைய மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு. சிங்கப்பூரின் புக்கோம் தீவில் 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை திறக்கப்பட்டது. இவ்விரு நாடுகளின் பள்ளிகளையும் சாலைகளையும் எழுப்பிய செல்வத்தில் எண்ணெய்க்கும் பங்குண்டு. ஆகவே நாம் என்பதும் உண்மை. நாங்கள் என்பதும் உண்மை. எந்த வாக்கியத்தில் எது உண்மை என்று தெரிந்து எழுதுவதே மொழித்திறன். அந்தத் தெரிவைக் கட்டாயமாக்கும் மொழி நம்முடையது, எழுவாயை எழுதுவோமானால்.

ஏன் தமிழில்?

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சராசரிக் கடல்மட்டத்திற்கு மேல் ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கரையோரப் பாதுகாப்பிற்கு நெடுங்கால அளவில் 100 பில்லியன் வெள்ளி அல்லது அதற்கு மேலும் தேவைப்படலாம் என்று 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் அறிவித்தார். இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் பேசவேண்டிய பொருள் இது. வீடு எங்கே வாங்குவது, கரையை எவ்வாறு உயர்த்துவது, செலவை யார் ஏற்பது என்றெல்லாம் பேச வேண்டியிருக்கும்.

அப்பேச்சு தமிழில் நடைபெறுமா? வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியவர்கள், 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடு. ஒரு மொழி வீட்டைவிட்டு நீங்குவது ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் அது முக்கியமான பொருள்களைவிட்டு நீங்குகிறது. பண்டிகைக்குத் தமிழ், உணவுக்குத் தமிழ், வருங்காலத்திற்கு வேறுமொழி என்றாகிறது. சுற்றுச்சூழல் கட்டுரையில் ஆயத்தத் தொடர்களை மட்டும் அடுக்கப் பழகிய மாணவர், உண்மையாக எதையேனும் சொல்ல விரும்பும் நாளில் தமிழைத் தேடமாட்டார். இது ஒரு கட்டுரைத் தலைப்பைப் பற்றிய கவலையன்று.

வகுப்பறைக்கு

எனவே ஆசிரியர்களிடம் மூன்று சிறு பயிற்சிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: இச்சிற்பத்தின் படத்தையோ, மாணவர் தம் ஊரில் காணும் வேறொரு பொதுவெளிச் சிற்பத்தையோ காட்டி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பத்து வாக்கியங்களில் எழுதச் செய்யுங்கள். இயற்கை, சுற்றுச்சூழல், விழிப்புணர்வு ஆகிய மூன்று சொற்களுக்கும் அன்று விடுமுறை. நீர் எதுவரை ஏறியிருக்கிறது, குதிரையின் கால் எங்கே மறைகிறது, சவாரி செய்பவர் கை எங்கே உள்ளது என்று எழுதட்டும்.

இரண்டு: செய்தித்தாளிலிருந்து ஐந்து தன்வினை வாக்கியங்களை எடுத்து, எழுவாய் சேர்த்துப் பிறவினையாக மாற்றச் செய்யுங்கள். எந்த வாக்கியத்திற்கு எழுவாய் கிடைக்கவில்லையோ அதைப் பற்றி வகுப்பு விவாதிக்கட்டும். சில நிகழ்ச்சிகளுக்கு எழுவாய் உண்மையாகவே இராது. ஓதம் நிலவாலும் கதிரவனாலும் நாள்தோறும் ஏறுகிறது. நாள்தோறும் ஏறும் ஓதத்தையும், நூற்றாண்டாய் ஏறிவரும் கடல்மட்டத்தையும் பிரித்தறிவது அறிவியல் பாடமும் ஆகும்; இலக்கணப் பாடமும் ஆகும்.

மூன்று: ஒரே கருத்தை ஒருமுறை நாம் என்றும் ஒருமுறை நாங்கள் என்றும் எழுதச் செய்து, எது தமக்கு உண்மை என்று மாணவரையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அவர்கள் நாங்கள் என்று எழுதி நம்மை விலக்கினால் வருந்த வேண்டா. அது மரியாதைக் குறைவன்று. அவர்கள் இலக்கணம் அறிந்ததன் அடையாளம்.

தேம்ஸ் ஆற்றுக் குதிரைகள் அந்தச் செப்டம்பர் விழாவிற்காகவே அங்கு நின்றன. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் பாரிசு நகரில் உலக நாடுகள் காலநிலை உடன்பாட்டை ஏற்றன. சிற்பத்தால் உடன்பாடு விளைந்தது என்று நாம் சொல்லவில்லை. கலைக்கு அவ்வளவு வேலை கொடுப்பது நியாயமும் அன்று. ஆற்றோரம் நடந்தவர்கள், நீர் வடிந்த சிறுபொழுதில், தாம் நாள்தோறும் எரிக்கும் பொருளின் முகத்தைக் கண்டனர். அதற்குப் பெயரிட்டு, எழுவாயிட்டு, ஒரு வாக்கியமாக்குவது மொழியின் வேலை. அந்த வாக்கியங்களுள் சில தமிழிலும் எழுதப்பட வேண்டும். அவற்றை எழுதப்போகும் மாணவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள் என்னும் நம்பிக்கையோடு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.